நெல்லில் கருக்காய் கூடினால் போரான் போடலாமா? கடலூர், புதுச்சேரி வயல்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பால் பிடிக்கும் நாட்கள் கடந்த பிறகும் கதிர் தலை சாயாமல் நிமிர்ந்தே நின்றால் விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் உதிர்த்து ஊதினால் பாதி பறந்துவிடுகிறது. பறப்பது உள்ளே மணி இல்லாத கருக்காய். பயிர் சாவியாகிப் போச்சு என்ற பேச்சு ஊரில் கிளம்பும்போதே உரக்கடையில் போரான் என்ற நுண்ணூட்டச் சத்தின் பாக்கெட் விற்பனையும் சூடு பிடிக்கிறது. சில வயல்களுக்கு அந்தப் பாக்கெட் உண்மையிலேயே மருந்து. வேறு சில வயல்களில், குறிப்பாகக் கடலோரமாக போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வயல்களில், அதே பாக்கெட் பயிரைக் கருக்கும்.

காரணம் இதுதான். மற்ற சத்துகளில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் பணம்தான் வீண். போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. வெந்நீரில் கரையும் போரான் ஒரு கிலோ மண்ணில் 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நெல்லுக்குப் பற்றாது. 5 மில்லிகிராமைத் தாண்டினால் நஞ்சு. அதனால் வாங்குவதற்கு முன் சோதனை, சோதித்த பிறகு அளவு, அளவு தெரிந்த பிறகுதான் தெளிப்பான். இந்த வரிசை மாறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

போரான் பயிருக்குள் என்ன செய்கிறது

செல் சுவரைப் பிணைத்து நிறுத்துவது போரான். அதைவிட நமக்கு முக்கியமானது பூக்கும் சமயத்தில் அது செய்யும் வேலை. மகரந்தத் தூள் உயிரோடு இருக்கவும், அது சூல்முடியில் விழுந்து குழாய் விட்டு உள்ளே இறங்கவும் போரான் வேண்டும். அது இல்லாவிட்டால் பூ பூக்கும், மணி பிடிக்காது. தழைச்சத்து ஜோராக இருந்து பயிர் கரும்பச்சையாகத் தெரியும் வயலில்கூட இது நடக்கலாம்.

இன்னொன்று: நெற்பயிருக்குள் போரான் தண்ணீரோடு ஏறி, போய்ச் சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். பழைய இலையிலிருந்து புது இலைக்குத் திரும்பி வராது. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்தால் இரண்டு அறிகுறிகளையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். பற்றாக்குறை என்றால் புதிதாக வரும் குருத்திலும் கதிரிலும் தெரியும். மிகுதி என்றால், அதிக நாள் தண்ணீர் உறிஞ்சிய கீழ் இலையின் நுனியில் முதலில் தெரியும்.

அளவைப் பொறுத்தவரை பயிர் கேட்பது மிகக் கொஞ்சம். ஒரு டன் நெல்லுக்கு ஏறக்குறைய 15 கிராம் போரான். ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 32 மூட்டை, அதாவது 2.4 டன் எடுக்கும் வயலில் பயிர் உறிஞ்சுவது 36 கிராம் அளவுதான். அதிலும் 60 சதவீதத்துக்கு மேல் வைக்கோலில் நின்றுவிடுகிறது. வைக்கோலைக் கட்டி லாரியில் ஏற்றி அனுப்பும்போது வயலின் போரானும் சேர்ந்தே போகிறது.

படி 1: உங்கள் வயல் எந்தப் பக்கம் சாயும் என்று பாருங்கள்

நம் பகுதியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் மண் மாறிவிடும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண், மணல் கலந்த மேட்டு நிலங்களில் போரான் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மணலில் போரான் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை அதை வேருக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். செம்மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் போரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிப்பு மண் என்று சுண்ணாம்பு அதிகமாகப் போட்ட வயலில் இருக்கும் போரானும் பயிருக்கு எட்டாமல் போகும்.

காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, சிதம்பரம் பக்கத்துக் களிமண், வீராணம், கொள்ளிடப் பாசனம் உள்ள வயல்களில் ஓடும் தண்ணீர் நல்லது. மண்ணும் சத்தைப் பிடித்து வைக்கும். அங்கே பற்றாக்குறை தெரிவது பெரும்பாலும் வயல் காயும்போதுதான். கடைமடையில் புழுதி விதைப்பு செய்து, நடுவில் தண்ணீர் வராமல் நிலம் வெடித்துக் கிடந்தால் மண்ணில் போரான் நகர்வது நின்றுவிடும். ஆய்வறிக்கையில் அளவு சரியாக இருந்தும் பயிர் பட்டினி கிடக்கும். அந்த வயலுக்குத் தேவை தண்ணீர், போராக்ஸ் என்ற போரான் உரம் இல்லை.

பரங்கிப்பேட்டை, கிள்ளை, கடலூர்க் கரையோரம், புதுச்சேரியில் கடலை ஒட்டிய பகுதிகள் வேறு கதை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 4.5 மில்லிகிராம் போரான் இருக்கிறது. கடல் படிவுகளால் ஆன களிமண்ணிலும், உப்புநீர் ஏறிய போர்களிலும் போரான் கூடுதலாக இருக்கக் காரணம் உண்டு. 2004 சுனாமியில் கடல் நீர் ஏறி நின்ற நிலங்களை உப்புக்கு மட்டுமல்லாமல் போரானுக்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் கடலோரம் என்றாலே மிகுதி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கரையோர வெறும் மணலில், நல்ல தண்ணீர் பாயும் இடத்தில், பற்றாக்குறைதான் வரும்.

பாகூர், திருக்கனூர், வில்லியனூர் பக்கம் ஏரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து பாய்கிறது. அங்கே ஒவ்வொரு போருக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும்.

நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எரித்த சாம்பலிலும் போரான் உண்டு. மண் இறுக்கம் குறையட்டும் என்று சாம்பல் கொட்டிய வயல் என்றால் சோதிக்காமல் போரான் பக்கமே போகாதீர்கள்.

ஒரு எளிய துப்பும் உண்டு. வரப்போரத் தென்னையில் புதுக் குருத்தின் ஓலைகள் பிரியாமல் ஒன்றோடொன்று ஒட்டியபடி, நுனி கொக்கியாக வளைந்து வருகிறதா? அதே நிலத்தில் போட்ட நிலக்கடலையை உடைத்தால் பருப்பின் நடுவே பழுப்பாகக் குழி விழுந்திருக்கிறதா? வீட்டுப் பின்னால் பப்பாளிக் காய் முண்டும் முடிச்சுமாகக் கோணிக்கொண்டு வருகிறதா? நெல்லைவிட இவற்றுக்குப் போரான் தேவை அதிகம் என்பதால் முதலில் காட்டிக்கொடுப்பது இவைதான். இதைப் பார்த்தால் மண்ணைச் சோதிக்கக் காரணம் கிடைத்துவிட்டது. உரம் வாங்குவதற்கு இது மட்டும் போதாது.

படி 2: மண்ணையும் தண்ணீரையும் சரியாக எடுத்துக் கொடுங்கள்

முதலில் வீட்டில் இருக்கும் மண்வள அட்டையைத் தேடுங்கள். அதில் உள்ள 12 அளவுகளில் போரானும் ஒன்று. ஆனால் அந்தத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுத்தார்கள். அந்த மண் உங்கள் வயலிலிருந்து எடுத்ததாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வயல் மண்ணாகக்கூட இருக்கலாம். ஆகவே அதை ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டு, சந்தேகம் இருந்தால் புதிதாகக் கொடுங்கள்.

எடுக்கும் நேரம் அறுவடை முடிந்து, அடுத்த உரம் போடுவதற்கு முன். வரப்போரம், எருக்குழி இருந்த இடம், மர நிழல், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றை விட்டுவிட்டு, வயலில் பத்து இடங்களில் ஆங்கில வி எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். பழைய உரச் சாக்கில் மட்டும் போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மண்ணைக் கொடுப்பவர்கள்கூட போர் தண்ணீரைக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் உவர்ப்பு, கார அமில நிலை மட்டும் பார்த்து வாங்கி வருகிறார்கள். போரான் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவி, விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். கண்ணாடி பாட்டில் கூடாது. சில கண்ணாடிகளிலேயே போரான் உண்டு, அது தண்ணீரில் கலந்து கணக்கைக் கெடுக்கும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பாட்டிலும் வேண்டாம், அதே காரணம்தான். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று இரண்டு மாதிரி பார்த்தால் இன்னும் தெளிவு.

கொடுக்கும் இடம்: வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம், விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம். சிதம்பரம் பக்கத்தில் இருப்பவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்திலும் விசாரிக்கலாம். போகுமுன் போரான் பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 3: தண்ணீர் ஏற்கனவே எவ்வளவு போரான் போடுகிறது? கணக்குப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

நெல்லுக்கு ஒரு போகத்தில் மொத்தம் 1,200 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் தேவை. அதில் பாதியை, 600 மில்லிமீட்டரை, போரிலிருந்து இறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு அது சுமார் 24 லட்சம் லிட்டர். தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் போரான் இருந்தால், ஒரே போகத்தில் வயலுக்குள் வரும் போரான் 2.4 கிலோ.

இப்போது போராக்ஸைப் பாருங்கள். மண்ணில் போடும் போராக்ஸில் 10.5 சதவீதம் போரான். பற்றாக்குறை உள்ள வயலுக்குச் சொல்லப்படும் அளவு ஏக்கருக்கு 4 கிலோ. அதில் வரும் போரான் 420 கிராம்தான். அதாவது மோட்டார் சுவிட்சைப் போடும்போதே பரிந்துரை அளவைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வந்து இறங்குகிறது. வடிந்தும் கீழே இறங்கியும் ஒரு பகுதி போய்விடும் என்றாலும், அந்த வயலில் போராக்ஸ் போடுவதற்கு நியாயமே இல்லை. 0.2 மில்லிகிராம் இருக்கும் தண்ணீர்கூட இதே கணக்கில் 480 கிராம் கொண்டுவரும்.

தண்ணீரின் அளவை வைத்து நான் இப்படிப் பிரிப்பேன். லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் பயமில்லை, மண் அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்கலாம். 0.5 முதல் 1 வரை என்றால், மண்ணில் போரான் போட வேண்டாம், மண் குறைவாகக் காட்டினாலும் இலைவழி மட்டும் யோசியுங்கள். 1 முதல் 2 வரை எந்த வடிவிலும் வேண்டாம், பயிரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். 2-க்கு மேல் என்றால் நெல்லுக்கே ஆபத்தான தண்ணீர். கீழே ஏழாவது படிக்குப் போய்விடுங்கள்.

வறண்ட காலப் பட்டங்களான நவரையிலும் சொர்ணவாரியிலும் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. மழை இல்லை, முழுக்க போர் தண்ணீர், வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, போரான் வயலிலேயே தங்குகிறது. ஒரே வயலில் மழைக்காலச் சம்பா நன்றாக வந்து நவரை கருகினால் இதை நினைத்துப் பாருங்கள்.

படி 4: பயிரைப் பார்த்து மற்றக் காரணங்களைக் கழியுங்கள்

பற்றாக்குறை கடுமையாக இருந்தால் பயிர் உயரம் குறையும். புதிதாக வெளிவரும் இலையின் நுனி வெளுத்துச் சுருளும். வளரும் குருத்தே செத்துப் போகும், ஆனாலும் பக்கத்தில் புதுத் தூர்கள் வந்துகொண்டே இருக்கும். கதிர் உருவாகும் பருவத்தில் தாக்கினால் கதிரே வராது. ஆனால் நம் வயல்களில் இவ்வளவு கடுமையை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். இலையில் ஒன்றும் தெரியாமல் கருக்காயில் மட்டும் தெரியும் குறைபாட்டைத்தான் தேட வேண்டும்.

கருக்காய்க்கு ஆயிரம் காரணம். கதிர் முழுவதும் வெள்ளையாக நிற்கிறது, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது என்றால் அது தண்டுத் துளைப்பான். கதிரின் கழுத்தில் கருப்பு வளையம் இருந்தால் குலை நோய். பொதியிலேயே, அதாவது கதிரை மூடியிருக்கும் இலையுறைக்குள்ளேயே, கதிர் பாதி சிக்கி, இலையுறை அழுகியிருந்தால் இலையுறை அழுகல். பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தாலும், பூ விரியும் நாட்களில் அடைமழை கொட்டினாலும் மணி பிடிக்காது. சொர்ணவாரியில் முன்னதும், சம்பாவில் பின்னதும் நமக்குப் பழக்கம்தான். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினாலும் கருக்காய் கூடும். தூர் கட்டும் பருவத்தில் இலை நுனி இரண்டு விரற்கடைக்கு வெளுத்தால் அது வெண்நுனி நூற்புழுவாகவும் இருக்கலாம். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கீழ் இலைகளில் துருப் புள்ளி வந்தால் முதலில் துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள்.

இவை எதுவும் இல்லை, வயல் முழுக்கச் சீராகக் கருக்காய் என்றால் போரான் கணக்கில் வருகிறது. வயலின் வெவ்வேறு இடங்களில் பத்துக் கதிர் எடுத்து, நிறைந்த மணியையும் கருக்காயையும் தனித்தனியாக எண்ணுங்கள். 15, 20 சதவீதம் வரை கருக்காய் நல்ல பயிரிலும் இருக்கும். அதைத் தாண்டினால் பேசலாம்.

பூக்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மறுநாள் விரியப் போகும் கதிரிலிருந்து ஒரு பூவை எடுத்து, இரண்டு உமியையும் நகத்தால் மெல்லப் பிரியுங்கள். உள்ளே ஆறு மகரந்தப் பைகள் இருக்கும். நல்ல பயிரில் அவை மஞ்சளாக, தடித்து இருக்கும். மகரந்தம் கெட்ட பயிரில் வெளிறி, சுருங்கி, நூலாகக் கிடக்கும். கைலென்ஸ் இருந்தால் போதும். விரியாத கதிர்களை ஈரத் துணியில் சுற்றி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் கல்லூரிக்கோ கொண்டுபோனால் அயோடின் கரைசலில் நனைத்து நுண்ணோக்கியில் காட்டுவார்கள். நல்ல மகரந்தம் கருநீலமாகும், மலட்டு மகரந்தம் நிறம் ஏறாமல் மஞ்சளாகவே நிற்கும். வெயிலாலும் மகரந்தம் கெடும் என்பதால் மண் அறிக்கையோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

மிகுதியின் முகம் வேறு. கீழ் இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் மஞ்சளாகும். இரண்டு முதல் நான்கு வாரத்தில், கதிர் உருவாகும் பருவத்தை ஒட்டி, அந்த மஞ்சள் பகுதியில் நீள்வட்டமாகக் கரும்பழுப்புப் புள்ளிகள் வரும். பிறகு அந்தப் பகுதி காய்ந்துவிடும். சில ரகங்களில் புள்ளியே வராமல் நுனி மட்டும் கருகும்.

இதைச் செம்புள்ளி நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. செம்புள்ளியில் புள்ளியின் நடு சாம்பல் நிறமாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு, இலை முழுக்கச் சிதறி இருக்கும். பாக்டீரியா இலைக்கருகலா என்ற சந்தேகம் வந்தால், இலையை வெட்டி நல்ல தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்துங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல் கசிந்தால் அது பாக்டீரியா. சாம்பல்சத்துக் குறைவிலும் கீழ் இலை நுனி கருகும். உப்பு என்றால் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குன்றியிருக்கும். உறுதிப்படுத்த இலைச் சோதனை: தூர் கட்டும் பருவம் முதல் கதிர் உருவாகும் பருவம் வரை, முழுதாக விரிந்த இளம் இலையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை, 100-க்கு மேல் என்றால் நஞ்சு.

படி 5: பற்றாக்குறை உறுதியானால் அடியுரம்

மண்ணில் 0.5-க்குக் கீழே, தண்ணீரும் நல்ல தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் மட்டும் இந்தப் படி.

ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ். புதுச்சேரிப் பக்கம் காணிக் கணக்கில் சொன்னால், 100 குழி கொண்ட ஒரு காணி 1.32 ஏக்கர், 5.3 கிலோ வரும். கடைசிச் சேடை ஓட்டிப் பரம்படித்த பிறகு, நடவுக்கு முன் போட வேண்டும். 4 கிலோவை ஒரு ஏக்கருக்கு அப்படியே கையால் வீசினால் சீராக விழாது. ஒரு இடத்தில் குவியும், அந்த இடத்தில் நாற்று கருகும். 20 கிலோ காய்ந்த மணலில் நன்றாகக் கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்குவாக்கிலும் வீசுங்கள். வயலில் சேறு நன்றாக இருக்கட்டும், தண்ணீர் ததும்பி வழியக் கூடாது. போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் மடையைத் திறக்காதீர்கள். வடிகிற தண்ணீரோடு போரானும் போய்விடும்.

யூரியா, அம்மோனியம் சல்பேட், டிஏபி ஆகியவற்றோடு போராக்ஸைக் கலந்து வீசக் கூடாது. போராக்ஸ் காரத்தன்மை உள்ளது. அம்மோனியாவை வாயுவாக்கிக் கிளப்பிவிடும். விதையோடும் கலக்க வேண்டாம். நாற்றங்காலுக்கும் தேவையில்லை.

நெல் நுண்ணூட்டக் கலவை வாங்கிப் போடுகிறவர்கள் மூட்டையில் அச்சிட்டிருக்கும் போரான் சதவீதத்தைப் படியுங்கள். அது கொண்டுவரும் அளவைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் போராக்ஸ். கலவை, தனிப் போராக்ஸ், இலைவழி டானிக் என்று மூன்றிலும் போரான் ஏறிக்கொண்டே போவதுதான் கடைப் பட்டியலில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

இந்த 4 கிலோ அடுத்தடுத்த போகத்துக்கும் கொஞ்சம் நிற்கும். களிமண்ணில் அதிகமாக, மணலில் குறைவாக. எனவே ஒவ்வொரு போகமும் போடாதீர்கள். மண்ணை மறுபடி சோதித்த பிறகுதான் அடுத்த முறை. தொழுவுரமும், தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும், வைக்கோலை வயலிலேயே விடுவதும் போரானை மெதுவாகக் கொடுக்கும். செம்மண், மணல் நிலத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

படி 6: இலைவழித் தெளிப்பு

அடியுரம் போட முடியாமல் போனாலோ, நட்ட பிறகுதான் அறிக்கை வந்தாலோ இது கைகொடுக்கும். ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பு நீரில் போரிக் அமிலம் 400 கிராம், அதாவது லிட்டருக்கு 2 கிராம். போரான் 20 சதவீதம் உள்ள, தண்ணீரில் எளிதில் கரையும் தூள் என்றால் லிட்டருக்கு 1 கிராம் போதும். பாக்கெட்டைத் திருப்பிச் சதவீதத்தைப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள். போரிக் அமிலம் குளிர்ந்த நீரில் சட்டெனக் கரையாது. ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் முதலில் கரைத்து, வடிகட்டி டேங்கில் ஊற்றுங்கள்.

நேரம்தான் முக்கியம். முதல் தெளிப்பு கதிர் உருவாகும் பருவத்தில். இது ஏறக்குறைய அறுவடைக்கு 65 நாள் முன்பு வரும். 110 நாள் ரகத்தில் விதைத்த 45-ஆம் நாள், 135 நாள் ரகத்தில் 70-ஆம் நாள், சி.ஆர். 1009 போன்ற நீண்ட நாள் ரகத்தில் 90-ஆம் நாளை ஒட்டி. நாளை மட்டும் நம்பாமல் தாய்த் தூர் ஒன்றைப் பிடுங்கி, வேரோடு ஒட்டிய அடித்தண்டைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். கணுவுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், பஞ்சு நுனி போன்ற வெண்ணிறப் பூங்கதிர் தெரிந்தால் பருவம் வந்துவிட்டது. இரண்டாவது தெளிப்பு பொதிப் பருவத்தில், கதிர் வெளிவருவதற்கு முன்.

பூ விரிந்துகொண்டிருக்கும் வயலில் தெளிக்கக் கூடாது. மாலையில் தெளியுங்கள். துத்தநாக சல்பேட், கால்சியம் உள்ள உரங்களோடு ஒரே டேங்கில் கலக்க வேண்டாம், திரிந்து படியும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். பால் பிடித்த பிறகு தெளித்துப் பயனில்லை. மணி பிடிக்காத பூவை எந்தப் பாக்கெட்டும் திருப்பிக் கொண்டுவராது, அந்த நேரத்தில் விற்பவர் பேச்சைக் கேட்டுப் பணம் போடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் முதல் வருடம் 5 சென்ட் மட்டும் செய்து பாருங்கள். அடியுரம் என்றால் 200 கிராம் போராக்ஸ், தெளிப்பு என்றால் 10 லிட்டருக்கு 20 கிராம் போரிக் அமிலம். பக்கத்தில் அதே அளவு இடத்தைச் சும்மா விட்டு, நாலு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக அறுத்து, தூற்றி எடை போட்டால் உங்கள் மண்ணுக்கு உரிய பதில் கிடைத்துவிடும்.

படி 7: மிகுதி என்றால்

பயிர் வயலில் நிற்கும்போதே தெரிந்தால், முதலில் போரான் உள்ள எல்லா உரத்தையும் டானிக்கையும் நிறுத்துங்கள். நிற்கும் தண்ணீரை வடித்து, கிடைக்கிற நல்ல தண்ணீரைக் கட்டுங்கள். வாய்க்கால் முறை வரும் நாளில் போரை நிறுத்திவிட்டு வாய்க்கால் தண்ணீருக்கு முன்னுரிமை கொடுங்கள். சுண்ட விட்டு, மேலே மேலே போர் தண்ணீர் ஊற்றுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். ஒவ்வொரு முறையும் போரான் கெட்டியாகிறது. கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் இலை சுத்தமாக வருகிறதா என்று பார்ப்பதுதான் தேறியதற்கு அடையாளம்.

வயலைச் சரிசெய்வது மழைக்காலத்தில். கோடையில் காய்ந்த வயலை உழுது போடுங்கள். ஈரம் மேலேறி ஆவியாகும்போது போரானும் மேல் மண்ணுக்கு வரும். அதன் பிறகு வடகிழக்குப் பருவமழைத் தண்ணீரையோ ஏரித் தண்ணீரையோ வரப்பு உயரத்துக்குத் தேக்கி, வடித்து, மறுபடி தேக்கி வடியுங்கள். வடிகால் இல்லாமல் இது பலிக்காது. பக்கத்து வயலுக்குள் வடிக்கவும் கூடாது. உப்பைக் கழுவ ஆகும் தண்ணீரைவிட போரானைக் கழுவ ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் வேண்டும். ஒரே மழையில் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உப்பு அளவு இறங்கிவிட்டது என்பதற்காக போரானும் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

மண் களர் நிலமாகவும் (சோடியம் மிகுந்த நிலமாகவும்) இருந்தால் ஜிப்சம் இரட்டைப் பலன் தரும். சோடியத்தோடு சேர்ந்து எளிதில் கரையும் போரான், கால்சியத்தோடு சேர்ந்து கரைதிறன் குறைந்துவிடும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் அறிக்கை சொல்லும், அதன்படிதான் போட வேண்டும்.

திருச்சி 3 போன்ற உவர், களர் தாங்கும் ரகங்களைப் போட்டால் போரானையும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உப்பைத் தாங்குவது வேறு, போரானைத் தாங்குவது வேறு. அதை நம்பி இறங்காதீர்கள்.

2 மில்லிகிராமுக்கு மேல் காட்டும் போர் என்றால், மழையையும் ஏரியையும் நம்பிச் சம்பா மட்டும் செய்துவிட்டு நவரையை விட்டுவிடுவதே நான் சொல்லும் வழி. பக்கத்தில் ஆழமான நல்ல போர் இருந்தால் தண்ணீரைக் கலந்து பாய்ச்சலாம். கலந்த தண்ணீரையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 8: அடுத்து வரும் உளுந்துக்கு

சம்பா அறுப்பதற்கு முன் நெல் தரிசில் உளுந்து விதைக்கிறவர்கள் நம் பக்கம் அதிகம். நெல்லுக்கு அடியுரமாகப் போராக்ஸ் போட்டிருந்தால் உளுந்துக்குத் தனியாக வேண்டாம். மண்ணில் மிஞ்சியிருப்பதே அதற்கு உதவும். மிகுதி உள்ள வயலிலோ, அறுவடைக்குப் பின் ஈரம் சுண்டச் சுண்ட உளுந்தின் இலை ஓரம் கருகுகிறதா என்று பாருங்கள். பயறு வகைகள் நெல்லைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிக் கருகினால் உளுந்து எடுத்த கையோடு, அடுத்த உழவுக்கு முன், மண்ணையும் போர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள்.